பல்பக்கா விருது வாங்கிய கதை

என் அக்காவுக்கு விருது கொடுக்கப் போகிறோம் என்று சொல்வதற்காக, நகரமன்ற அலுவலகத்திலிருந்து ஒரே நாளில் பதினொரு முறை போன் செய்தார்கள். அக்கா ஒன்றைக்கூட எடுக்கவில்லை. இனி நேரில் பார்த்துவிடுவதே மேல் என்று விருதுப் பிரிவு அதிகாரி மறுநாள் காலையில் கிளம்பி வந்துவிட்டார். வாசலில் பெல்லை அழுத்தினார். கூடம், சமையலறை, குளியலறை என்று வீடு முழுக்க விளக்குகள் பளிச் பளிச்சென்று மின்னவும், மனிதர் இரண்டு படி பின்வாங்கி நின்றுகொண்டார். கதவைத் திறந்த என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம், "சீக்கிரம் மெயினை ஆஃப் பண்ணுங்கம்மா!"

அது காலிங் பெல்தான் என்று புரிய வைத்து உட்காரச் செய்தேன். மூச்சு நிதானப்பட்டதும், "உங்க அக்கா போனையே எடுக்க மாட்டேங்கறாங்களே, அவ்வளவு பிஸியா?" என்றார்.

"அவங்களுக்குக் காது கேட்காது சார்."

அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்தார். 'குடும்ப வன்முறைக்கு ஆளான காது கேளாத பெண்களுக்குத் துணைநின்ற, காது கேளாத பெண்மணி' என்று அவரே டைப் அடித்த வரி அங்கே இருந்தது. பாவம், காது மடல் வரை சிவந்துபோனார்.

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, யார் இது என்று புருவத்தால் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "பதினொரு தடவையா!" என்று கையால் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவளுக்குத்தான் கேட்காது.

என் அக்கா எலக்ட்ரீஷியன். காது கேளாதவர்கள் வீட்டில் பெல் ஒலித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, விளக்குதான் மின்ன வேண்டும். இந்த ஊரில் அப்படிப்பட்ட வீடுகளில் முக்கால்வாசிக்கு விளக்கு பெல் மாட்டியவள் அவள். சைகை மொழி பேசுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கையாலேயே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அவளுடைய பெயர், தலைக்கு மேல் கையைத் தூக்கி பல்பைத் திருகுவதுபோல ஒரு திருகு. வாயால் சொல்லும்போது அது பல்பு ஆகி, மரியாதை சேர்ந்து பல்பக்கா ஆனது. அவளோடு வாதாடப் போய் பல்பு வாங்காமல் திரும்பியவர்கள் குறைவு என்பதால், பெயர் இரண்டு வகையிலும் ஒட்டிக்கொண்டது.

அவளை 'வாய் பேச முடியாதவர்' என்று யாராவது எழுதினால் எங்கள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும். "கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு இருடி" என்று அம்மா கெஞ்சிய நாட்கள்தான் அதிகம். ஓயாமல் பேசுகிறவளை வாயாடி என்கிறோம். இவளைக் கையாடி என்று சொன்னால், எங்கோ பணத்தைக் கையாடிவிட்டாள் என்று ஆகிவிடும். அவளுக்குப் பொருத்தமான சொல் தமிழில் இன்னும் வரவில்லை.

எல்லாம் தொடங்கியது ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு காவல் நிலையத்தில். அங்கே ஒரு டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பதினொரு மணி இருக்கும். ஏணியில் ஏறி பழைய டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தவள், கீழே ஒரு கை அசைவதைப் பார்த்தாள்.

மேசைக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் முட்டை அளவுக்கு வீக்கம். ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள். அவளுடைய சைகைப் பெயரும் பொத்தான்தான். அவளுக்கும் காது கேட்காது. பக்கத்தில் அவள் கணவன். அவள் கையால் சொல்லச் சொல்ல, அவன் பணிவாகத் தலையைச் சாய்த்து இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் சொல்வது என் அக்காவுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கைகள், 'இவன்தான் அடித்தான், இவன்தான் அடித்தான்' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும், அதற்கு இன்ஸ்பெக்டரம்மா 'பார்த்துப் போகக்கூடாதா' என்பதுபோல உச்சுக் கொட்டுவதும் அவளுக்குத் தெரிந்தது. ஏதோ இடிக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டாள்.

காது கேட்கிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டுமானால் சத்தம் வேண்டும். இது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கையிலிருந்த பழைய டியூப் லைட், ஆளில்லாத மூலையாகப் பார்த்து நழுவியது. தவறுதலாக நழுவியது என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். வெடித்த வெடியில் ஒரு காவலர் மேசைக்கு அடியில் போய்விட்டார். எல்லாரும் ஏணியைப் பார்த்தபோது, அக்கா இறங்கி வந்து கணவனைச் சுட்டிக்காட்டி, 'இல்லை' என்று பெரிதாகத் தலையாட்டி, எனக்கு வீடியோ கால் போட்டாள்.

அப்போது நான் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். கன்னம் வீங்கிய இருபது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். போனில் இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் வந்தது.

"யாரும்மா நீ?"

"அவங்க தங்கச்சி மேடம். அவங்க கையால பேசறதை நான் வாயால சொல்றேன்."

"சரி, இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத."

மொழிபெயர்க்கும்போது 'அவள் சொல்கிறாள்' என்றெல்லாம் சொல்லக்கூடாது. அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அக்கா என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆகவே நானும் திரையைப் பார்த்துக்கொண்டு, தெளிவாக, உரக்கச் சொன்னேன்.

"நான் பாத்ரூம்ல வழுக்கி விழல. என் புருஷன் என் தலையைப் பிடிச்சு சுவர்ல மோதினான். இது மூணாவது தடவை. நான் என்ன சொன்னாலும் இவன் மாத்தி மாத்திச் சொல்றான்."

எதிரே இருந்த இருபது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் வாய் நிறையப் பஞ்சு வைத்திருந்த ஓர் அம்மாள் "அடப்பாவி!" என்றார். பஞ்சு வெளியே வந்து விழுந்தது. டாக்டர் கையில் ஊசியோடு ஓடி வந்தார்.

"யாரும்மா உன்னை அடிச்சது? உனக்குக் கல்யாணமே ஆகலையே!"

நான் ஒரு கையால் அவரை அமர்த்திவிட்டு மேலே சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் கணவன், "மேடம், இவளுக்கு அப்பப்ப புத்தி சரியா இருக்காது…" என்று தொடங்கினான்.

"நீ அந்த மூலையில போய் உட்காரு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மொழிபெயர்த்தது போதும். இனிமே உனக்கு வேற வேலை இருக்கு."

மறுநாள் ஒரு நோயாளி எனக்கு வக்கீல் ஒருவரின் விசிட்டிங் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "பயப்படாதம்மா, நல்ல வக்கீல்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பொத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் இருந்தாள். அவளுக்குக் கட்டில், எனக்குத் தரை. வழக்கு நடந்தது. அவள் தங்கியிருந்த வீட்டு ஆள் நான் என்பதால் நீதிமன்றத்தில் வேறொருவர் மொழிபெயர்த்தார். அவனுக்கு ஒன்றரை வருடம் சிறை கிடைத்தது.

அந்த நான்கு மாதத்தில் ஓர் இரவும் பொத்தான் விளக்கை அணைக்க விடவில்லை. ஏன் என்று ஒருநாள் அக்கா கேட்டாள். "சண்டை வந்தா அவன் முதல்ல லைட்டைத்தான் அணைப்பான்" என்றாள் பொத்தான். "அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் யாருக்குத் தெரியும்?" அக்கா எழுந்துபோய் நெடுநேரம் டெஸ்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் எத்தனையோ வீடுகளில், கூடத்து பல்ப் மட்டும் ஏன் அடிக்கடி கழற்றப்பட்டிருக்கிறது என்று யோசிக்காமல் புதிது மாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அதன்பிறகு அவள் இரண்டு வேலை செய்தாள். முதலாவது, இன்ஸ்பெக்டரம்மாவிடம் போய், கணவனோ அவன் வீட்டாரோ மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒரு பலகை வைக்கச் சொன்னாள். சைகையில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது, நீட்டுகிற விரல் ஒன்றுதான். மரியாதையை நான்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று நான் சேர்த்த மரியாதைக்கே தனிச் சம்பளம் தரலாம். இன்ஸ்பெக்டரம்மா, "எனக்குச் சம்மதம், ஆனா மேலிடத்து உத்தரவு வரணும்" என்றார். அக்கா காத்திருக்கவில்லை. எந்தக் காவல் நிலையத்தில் விளக்கு போனாலும், அதைச் சரிசெய்த கையோடு டிரில் போட்டு பலகையையும் மாட்டிவிட்டு வந்தாள். இரண்டு வருடம் கழித்து மேலதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தபோது எட்டு நிலையங்களில் பலகை தொங்கியது. இத்தனை இடத்தில் இருக்கிறதே, உத்தரவு எங்கே என்று தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. தொலைந்துவிட்டது போல என்று நினைத்து புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வேலை இன்னும் சுவாரசியம். விளக்கு பெல் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும் தன் எண்ணை ஒட்டி, பெண்களிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லிவைத்தாள். ஆபத்து என்றால் வேறெதுவும் எழுத வேண்டாம், 'ஃப்யூஸ் போச்சு' என்று ஒரு மெசேஜ் போதும். கணவன் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் அவனுக்கு அது மின்சாரப் பிரச்சினை. எலக்ட்ரீஷியனுக்குக் கதவைத் திறக்காத கணவனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

ஒருமுறை ஒருவன் கதவைத் திறந்ததோடு நிற்காமல், வந்ததுதான் வந்தீர்கள், இந்த ஃபேனையும் பாருங்கள் என்று சைகை காட்டினான். அக்கா ஏணியைப் போட்டு ஏறினாள். ஏணி ஆடுகிறது, இரண்டு கையாலும் பிடி, விடாதே என்று காட்டினாள். அவனும் கடமை தவறாமல் பிடித்துக்கொண்டான். ஃபேனின் மூடியைக் கழற்றி, தூசியைத் தட்டி, அதே மூடியைத் திரும்ப மாட்ட அவளுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவன் மனைவி பின்வாசல் வழியாகப் பையோடு வந்து, தெருமுனையில் நான் வைத்திருந்த ஆட்டோவில் ஏறிவிட்டாள். இறங்கும்போது அக்கா அவனுக்குக் கட்டைவிரலை உயர்த்தி நன்றி சொன்னாளாம். ஃபேனும் நன்றாகவே ஓடியது. வேலையில் அவள் குறை வைக்கமாட்டாள்.

நானும் இதற்குள் பரீட்சை எழுதி, பல் மருத்துவமனையை விட்டுவிட்டு, முறைப்படி மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன். இப்படித்தான் ஒன்பது வருடம் ஓடியது. பிறகுதான் அந்தப் பதினொரு போன்.

அதிகாரி நல்ல மனிதர். ஆனால் அவருக்கு விழா 'உருக்கமாக' இருக்க வேண்டும். "உங்க அக்கா காப்பாத்தின பொண்ணுங்கள்ல ஒருத்தரை மேடையில ஏத்திப் பேச வச்சா, கூட்டமே அழுதுடும்மா" என்றார்.

அக்காவின் கைகள் காற்றைக் கிழித்தன. நான் மரியாதை சேர்த்துச் சொன்னேன். "முடியாதுங்க. அவங்க யாரும் கண்காட்சிப் பொருள் இல்லைங்க. யாரும் மேடை ஏற மாட்டாங்க, ஒரு போட்டோ எடுக்கக்கூடாது. இது முடிவு."

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து பொத்தான் வந்தாள். இப்போது அவள் அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அறுபது பேரை மேய்க்கிறவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து எங்கள் சாப்பாட்டு மேசையை ஒரு தட்டு தட்டினாள்.

"மேடையில யாரும் பேச மாட்டாங்கன்னு சொன்னியாமே. என்னைக் கேட்டியா?"

"உன் பாதுகாப்புக்குத்தான்…" என்று அக்கா தொடங்கினாள்.

"பேசணும்னா நான் பேசுவேன். வேண்டாம்னா வேண்டாம்னு நான் சொல்வேன். எனக்குப் பதிலா பேசறதுக்கு எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருந்தான்."

வந்த வேகத்தில் போய்விட்டாள். அக்காவின் கைகள் மேசையில் அப்படியே கிடந்தன. அந்தக் கைகள் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை. சமையலறையிலிருந்து வந்த அம்மா அவளைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள், "என்னடி இது, கரண்ட் போயிடுச்சா?"

அடுத்த ஐந்து நாளும் இருவருக்கும் பேச்சில்லை. காது கேளாதவர்கள் பேச்சை நிறுத்துவது சுலபம், பார்க்காமல் இருந்தாலே போதும். கடைத்தெருவில் எதிரெதிரே வந்தபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தபடி கடந்து போனதை நானே கண்டேன். ஆறாம் நாள் அக்கா அதிகாரிக்கு மெசேஜ் அனுப்பினாள். 'பேசுவதா வேண்டாமா என்று அந்தந்தப் பெண்ணையே கேளுங்கள். நான் சொன்னது தவறு.' தவறு என்ற சொல்லை அவள் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எழுத்துப்பிழை வேறு இருந்தது, பழக்கமில்லை பாருங்கள்.

விழா ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. நகரமன்றத் தலைவர் அக்காவுக்குக் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, காதருகே குனிந்து, முழு அரங்குக்கும் கேட்கும்படி "வாழ்த்துகள்!" என்று கத்தினார். அக்கா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு பொத்தான் மேடை ஏறினாள். என்னை விளக்குக்குக் கீழே நிற்க வைத்திருந்தார்கள். அதிகாரி முன்வரிசையில் கைக்குட்டையைத் தயாராக மடியில் வைத்திருந்தார். பொத்தான் அரங்கை ஒரு சுற்று பார்த்தாள். அவள் கைகள் அசைய, நான் பேசினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இவங்க வீட்டுல நான் நாலு மாசம் இருந்தேன். அதனால விருது கொடுக்கறவங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் எனக்குத் தெரியும். ஊர்ல எல்லார் வீட்டுக்கும் விளக்கு போடற இவங்க வீட்டு மாடிப்படியில விளக்கு கிடையாது. ஒன்பது வருஷமா எல்லாரும் தடவித் தடவித்தான் ஏறறோம்."

அரங்கத்தில் முதலில் கைதட்டியது எங்கள் அம்மா.

"எனக்கு மனசு சரியில்லாதப்ப எல்லாம் பக்கத்துல உட்கார்ந்து தைரியம் சொல்வாங்க. சொல்லிக்கிட்டே என் பிஸ்கட்டைத் தின்னு தீர்த்துடுவாங்க. வாய் நிறைய தின்னுக்கிட்டே பேச முடியறது எங்களுக்கு மட்டும்தான், அதை இவங்க ரொம்பத் தப்பா பயன்படுத்தறாங்க. அப்புறம் இவங்க தங்கச்சி…"

நான் ஒரு கணம் நிறுத்தினேன். பொத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டாதே, குறைக்காதே. தொடர்ந்தேன்.

"இவங்க தங்கச்சி குறட்டை விடுவா. அவ தரையில படுத்தா என் கட்டில் அதிரும்."

சிரிப்பு அடங்க நேரமானது. அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார், காரணம் மட்டும் வேறு. பொத்தானின் கைகள் மெதுவாகின.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் ரொம்ப நேரமா பேசிக்கிட்டு இருந்தேன். அத்தனை பேரும் என் புருஷன் வாயைத்தான் பார்த்தாங்க. ஏணி மேல இருந்த ஒருத்தி மட்டும் என் கையைப் பார்த்தா. விருதை அதுக்குக் கொடுங்க. மத்தபடி இவங்களுக்கு ரொம்பப் பிடிவாதம், என்கிட்ட சண்டை போட்டிருக்காங்க, நான் இன்னும் மன்னிக்கல. நன்றி."

பின்வரிசைகளில் நாற்பது பெண்கள் எழுந்து, கைகளை உயரே தூக்கி விரல்களைத் திருகித் திருகி அசைத்தார்கள். காது கேளாதவர்களின் கைதட்டல் அப்படித்தான். நாற்பது பேரும் சேர்ந்து கூரையில் பல்பு மாட்டுவதுபோல இருந்தது. நகரமன்றத் தலைவர் ஏதோ ஆட்சேபணை என்று நினைத்து, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையமர்த்தினார்.

அக்கா பேசியது கொஞ்சம்தான். "இந்த ஊர்ல பெண்களுக்குக் காப்பகம் ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் பெல் சத்தம்தான் போடுது, ரெண்டுலயும் சைகை தெரிஞ்ச ஆள் இல்ல. விளக்கு பெல் நான் சும்மா மாட்டித் தரேன். ஆளை நீங்க போடுங்க." தலைவர் ஒலிபெருக்கியில் "சரி" என்றார். அக்கா காதைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அவர் கையை முஷ்டியாக மடக்கி, தலையாட்டுவதுபோல அசைத்து, சைகையிலும் 'சரி' சொல்லும்வரை அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. பிற்பாடு ஒரு காப்பகத்துக்கு ஆள் வந்துவிட்டார். இன்னொன்றின் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. அக்கா வாரம் ஒருமுறை போய் நகர்த்திவிட்டு வருகிறாள்.

விழா முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். நல்ல கூட்டம். அக்காவுக்கு முன்பக்கத்தில் இடம் கிடைத்தது, பொத்தானுக்குக் கடைசி இருக்கை. நடுவில் நான். அக்கா கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். நின்றிருந்தவர்களின் தலைக்கு மேலே கையைத் தூக்கினாள். அதன்பிறகு நடந்த பேச்சை இருவரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

"உன்னைக் கேட்காம முடிவு பண்ணினது தப்பு."

"ஆமா, தப்பு."

"மன்னிச்சிடு."

"யோசிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

பொத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து இடத்தைக் கணக்கிட்டாள். "நாலு ஸ்டாப்."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளுக்குத் தாங்கவில்லை. "உனக்கு இது தெரியுமாம்மா? என்னதான் பேசிக்கறாங்க?" என்று என் தோளைச் சுரண்டினார்.

"தெரியுங்க" என்றேன். "ஆனா என்னை அவங்க கூப்பிடல."

அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி அவர்களைப் பார்க்கத் தொடங்கினார். நான்காவது நிறுத்தத்தில் அக்காவின் பக்கத்து இருக்கை காலியானது. பொத்தான் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அக்காவை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, அவள் மடியிலிருந்த கேடயத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.